வெள்ளிக்கிழமைப் பேய்

மொரிஷியஸில் தொழிற்சங்கக்காரர்கள் தொண்டை கிழியக் கூலி உயர்வு பேசினால் நாலு பேர் வருவார்கள். மருதைச் சாமி பேயோட்டினால் கரும்புத் தோட்டமே காலி! 1950இல் பக்கத்து ஊர்களிலிருந்துகூட பஸ் ஏறி வந்தார்கள். பேய் மட்டும் பஸ்ஸை எதிர்பார்க்காமல் வெள்ளி தவறாமல் வந்தது.

வந்தது அலமேலுவுக்கு. அவளுக்கு வலிப்பும் உண்டு, சர்க்கரை நோயும் உண்டு. ஆஸ்பத்திரியில் வலிப்புக்கு மாத்திரையும் சர்க்கரைக்கு ஊசியும் கொடுத்து, ஊசி போட்டால் கட்டாயம் சாப்பிட வேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். வலிப்பும் அடங்கியிருந்தது. அடங்கியது மறுபடி வரக்கூடாதே என்றுதான் கணவன் ராமசந்திரன் சாமியிடம் போனான்.

“வெள்ளிக்கிழமை விரதம். பச்சைத் தண்ணிகூடக் கூடாது. ஊசி மட்டும் போட்டுக்கட்டும். குத்தினா பேய்க்கு வலிக்கும்!” என்றார் சாமி.

காவடிக்கு விரதம் இருந்து பழகிய ஊர். யாரும் கேள்வி கேட்கவில்லை. காலையில் ஊசி, வயிறு காலி, மத்தியானம் வலிப்பு. “மோவே லேர்! கெட்ட காத்து!” என்று கூட்டம் அலறும். வலிப்பு ஓய்ந்ததும் சாமி அவள் வாய்க்குள் தீர்த்தம் தடவுவார். கொஞ்ச நேரத்தில் கண் திறப்பாள். அரோகரா! தட்டு நிறையும்.

சாமி முன்பு ஓர் ஆஸ்பத்திரிச் சமையல்கட்டில் வேலை பார்த்தவர், சர்க்கரை ஊசி போட்டவர்கள் சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று அங்கே கண்டவர் என்பது பேய்க்கு மட்டுமே தெரியும்.

ஒரு வெள்ளி அலமேலு கண் திறக்க வெகுநேரமானது. ராமசந்திரன் வாய்விட்டு அழுதான். இன்னொரு வெள்ளி வந்தால் பிழைக்க மாட்டோம் என்று அவளுக்கே பட்டது. நாக்கில் ஒட்டியிருந்த தித்திப்பு அவளை யோசிக்க வைத்தது. மற்ற நாளும் ஊசி போடுகிறாள், ஆனால் சாப்பிடுகிறாள். அன்றெல்லாம் பேயைக் காணோம். பேய்க்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் டியூட்டியா?

அடுத்த வெள்ளி ஊசி போட்டுக்கொண்டு, ரொட்டியும் பருப்பும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள். உடுக்கை அலறியது. சாமி ஆடினார், வியர்த்தார். பேய் வரவில்லை.

“பயந்து ஒளிஞ்சிருக்கு!” என்றார் சாமி.

“இல்ல சாமி. நான் சாப்பிட்டுட்டேன்” என்றாள் அலமேலு.

பக்கத்து வீட்டு ஷான்தால் தீர்த்தச் செம்பில் விரலை விட்டு நக்கினாள். “டிசிக்! வெறும் சர்க்கரைப் பாகு!”

“தெய்வக் குத்தம்!” என்று சாமி கத்தினார்.

அலமேலு ஊசியையும் மருந்துப் புட்டியையும் நீட்டினாள். “உங்க உடம்புலதான் பேய் இல்லையே, சாமி. வயித்தைக் காயப்போட்டுட்டு இதை நீங்க போட்டுக்குங்க. பேய் வருதா பார்ப்போம்.”

சாமியின் முகம் வெளுத்தது. “எனக்கு ஊசி ஆகாதும்மா” என்றவர், உடுக்கையைக்கூட எடுக்காமல் கரும்புக்குள் புகுந்து ஓடினார்.

“இனிமே உன்னைப் பட்டினி போட மாட்டேன், அலமேலு” என்றான் ராமசந்திரன், தலை நிமிராமல்.

கரும்பு வெட்டி முதுகொடிந்த மக்களே! பேயைக் கூட்டி வந்தது பட்டினி. ஓட்டியது உங்கள் கை விளைவித்த சர்க்கரை. நடுவில் நின்று தட்டு நீட்டியவர்தான் சாமி. அவர் காலில் தலையை வைத்தீர்கள், போகட்டும். எழுந்திருக்கும்போது மூளையையும் எடுத்துக்கொண்டு எழுந்திருக்கக் கூடாதா?