மூன்றாம் முறை கேட்ட பூ

உத்திரமேரூர்,
9 நவம்பர் 2025.

தம்பி ஏகாம்பரத்திற்கு, இன்று எழுபத்தொரு வயதும் நான்கு மாதமும் நிறைவுறும் உன் அக்கா ஜெயம்மாள் எழுதுவது. ஓசூரில் நீ நலமாகவே இருப்பாய்; இல்லாவிட்டால் போனில் அவ்வளவு உரக்கக் கத்தியிருக்க முடியாது. இங்கு உன் மகளைத் தவிர எல்லாரும் நலம்.

கணித ஆராய்ச்சிப் படிப்பின் மூன்றாம் ஆண்டில், விடுதியை விட்டுத் தமிழ்ச்செல்வி வீடு வந்து மூன்று வாரமாகிறது. என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லையாதலால், வந்த அன்று அவள் சொன்னதை நானே சொல்கிறேன். இரண்டு மாதம் உறக்கமின்றி உருவாக்கிய நிரூபணத்தை வகுப்பில் பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறாள். பாதியில் சக மாணவன் ஒருவன் ஒரு வரியைக் காட்டி "ஏன்?" என்றிருக்கிறான். அழித்தழித்து எழுதியும் அந்த வரியை நிறுவ முடியவில்லை. மீதி அத்தனையும் அந்த ஒரு வரியின்மேல் நின்றதால் அத்தனையும் சரிந்தது. ஆசிரியர் திட்டவில்லை, கடிகாரத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். அன்றிலிருந்து சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். தலைமுடி கொத்தாக உதிர்கிறது. தெருமுனையில் அவள் முகம் போட்ட வாழ்த்துப் பேனர் இன்னும் தொங்குவதால் பகலில் வாசலுக்கே வருவதில்லை. உன் மனைவி பவளம் தன்னால் இயன்ற ஆறுதலைச் சொன்னாள்: "ஏன்னு கேட்டதுக்கா படுத்துக்கினே? நானுந்தான் தெனம் கேக்கறேன், ஏன் துன்னலன்னு. எனுக்கு யார்னா பதில் சொல்றீங்களா?"

நாளைக்குள் திரும்பாவிட்டால் பெயரை நீக்கிவிடுவார்கள். போவதா, படிப்பை விட்டு நீ பார்த்திருக்கும் மாகறல் ஊர் மாப்பிள்ளையைக் கட்டிக்கொள்வதா என்று அம்மனிடம் பூக் கேட்கச் சொன்னாய், நேற்றுக் கேட்டோம். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. இரண்டையும் தனித்தனி இலையில் மடித்துப் போட, பூசாரியின் பேத்தி ஒன்றை எடுத்தாள். வெள்ளை. "கொயந்த மூக்க நோண்டின கையோட எடுத்துச்சு, இது செல்லாது" என்றாள் பவளம். கை கழுவி எடுத்தும் வெள்ளையே வந்தது. "அம்மா இன்னும் சரியா முயிச்சிக்கல. இன்னொரு தபா கேளு சாமி" என்றாள் பூசாரியிடம். மூன்று வாரத்தில் முதன்முறையாக உன் மகள் வாயைத் திறந்தாள்: "இப்டியே கேட்டுக்கினு இருந்தா செவப்பு வராம எங்க பூடும்மா?" "இத்தப் படிக்கத்தான் மூணு வருசம் போனியா?" என்றாள் பவளம். வந்தது சிவப்பு. பவளம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். திரும்பும் வழியில் பெண் என்னிடம் சொன்னாள்: "தோக்கறதுன்னாலும் அங்கியே போயி தோத்துக்கிறேன் அத்த. இங்க வாணாம்."

சிவப்பு வந்தால் அவள் கிளம்பவே கூடாது, அது தெய்வ வாக்கு என்ற உன் கட்டளையைச் சொல் பிசகாமல் அவளிடம் சேர்ப்பித்தேன். தெய்வ வாக்கை மீறும் துணிவு நம் குடும்பத்தில் எவருக்கும் இருந்ததில்லை. உன் இரத்தக் கொதிப்பும் குரலும் ஒருங்கே தணிய அம்மன் அருள்க.

அக்கா,
ஜெயம்மாள்

பின்குறிப்பு: இன்று விடியற்காலை முதல் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டேன். தேறுவாளா என்று கேட்காதே. எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. எனக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது, ஏழு வயதுப் பிள்ளையான நீதான் அம்மன்முன் பொட்டலம் எடுத்தாய். "என் கையால வெள்ள வந்ததாலதான் அக்கா படிச்சுது" என்று இன்றும் பார்ப்பவரிடமெல்லாம் சொல்கிறாய். பிரித்தவள் அம்மா, பக்கத்தில் நின்றவள் நான். தள்ளி நின்ற அப்பா, "இன்னா வந்துது?" என்றார். அம்மா பூவை உள்ளங்கைக்குள் கசக்கி மூடிக்கொண்டு, "வெள்ள" என்றாள். நீ எடுத்தது சிவப்பு, தம்பி.