காதுக்குப் பின்னாலும் தெரியுது

எனக்கு இரண்டு கண்ணிலும் மைனஸ் ஐந்து. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் எதிரில் நிற்பது ஆளா அலமாரியா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால், எங்கள் கடற்கரை ஆட்களுக்கு மற்றவர்களைவிடக் கண் கூர்மை என்று ஊருலகத்துக்கு நிரூபிக்கப் புறப்பட்டவள் இந்தக் கண்ணாடிக்காரிதான்.

அப்போது சிதம்பரத்தில் கண் பரிசோதனைப் படிப்பில் கடைசி வருஷம் இருந்தேன். டாக்டர் படிப்பு இல்லை. யாருக்கு எவ்வளவு பவர் என்று பார்த்துச் சொல்கிறவர்களுக்கான படிப்பு. (அம்மா சொந்தக்காரர்களிடமெல்லாம் "டாக்டருக்குப் படிக்குது" என்று சொல்லிவைத்திருந்தாள். நானும் திருத்தவில்லை.) கடைசியில் ஒரு ப்ராஜெக்ட் செய்து, வெளியூரிலிருந்து வரும் பரிசோதகர் முன்னால் விளக்க வேண்டும். அதில் தேறினால்தான் சர்டிபிகேட். சர்டிபிகேட் வந்தால்தான் மஞ்சக்குப்பத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் சொல்லிவைத்திருந்த வேலை.

ஒரு மக்கள் கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் பார்வை மாறுமா என்பது நான் எடுத்த தலைப்பு. எவ்வளவு தூரம் தெரிகிறது என்பது ஒன்று. நேராகப் பார்த்தபடி, தலையைத் திருப்பாமல், பக்கவாட்டில் எவ்வளவு தெரிகிறது என்பது இன்னொன்று. எங்கள் துறைப் பேராசிரியை, கேள்வி நல்ல கேள்விதான், ஆனால் கேள்வியோடு போ, பதிலோடு போகாதே என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு, அன்று மாலையே கம்ப்யூட்டர் சென்டரில் முடிவுரையை டைப் செய்து வாங்கினேன். கடலைப் பார்த்து வாழ்கிறவர்களுக்குப் பார்வை நீளம், அகலம் இரண்டும் ஜாஸ்தி. முடிந்தது. இனி ஆட்களைப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

இந்தத் திமிருக்குக் காரணம் முருகையன் மாமா. அம்மாவின் அண்ணன். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகு ஓட்டுகிறவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, தூரத்தில் புள்ளியாக வருவது யாருடைய படகு என்று கரையில் நின்றே சொல்வார். எனக்குப் புள்ளியே தெரியாது. அந்த ஆச்சரியத்தில்தான் மொத்த ஆராய்ச்சியும் நின்றது.

கடல் கூட்டத்துக்கு மாமாவின் தெரு. கரைக் கூட்டத்துக்கு நெல்லிக்குப்பத்தில் என் தோழியின் தெரு. ஒரே பஸ் டிக்கெட்டில் போய் வரக்கூடிய தூரத்தில் இரண்டு மனித இனங்களைக் கண்டுபிடிக்கக் கிளம்பிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு அட்டை. மூன்று கால் உள்ள ஓர் எழுத்து, வரிசைக்கு வரிசை சின்னதாகிக்கொண்டே போகும். கால்கள் வலது பக்கம் நீட்டியிருக்கிறதா, இடதா, மேலா, கீழா என்று சொன்னால் போதும். எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. மாமா தெருவில் அதற்குச் "சீப்பு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். முதல் நாள் இரண்டு பேரைப் பார்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. நாளைக்கும் வரத்தானே போகிறோம் என்று அட்டையை மாமா வீட்டுக் கூடத்துச் சுவரிலேயே விட்டுவிட்டுப் போனேன்.

மறுநாள் அந்தத் தெரு காட்டிய பார்வையைச் சொல்லி மாளாது. மீன் காயவைக்கிற பெண்கள், வலை பின்னுகிற ஆண்கள், காது கேட்காத ஒரு பெரியவர், எல்லோரும் கடைசி வரிசைவரை தடுக்காமல் சொன்னார்கள். சிலர் உட்காரும்போதே ஆரம்பித்தார்கள். ஓர் அம்மாள் வெயிலுக்குக் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். (கண்ணை மூடிக்கொண்டு! அதையும் நான் "மிக நன்று" என்றுதான் எழுதிக்கொண்டேன்.)

பக்கவாட்டுப் பார்வைக்கு என்னிடம் கருவி கிடையாது. எதிரெதிரே உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, என் மூக்கையே பார்க்கச் சொல்வேன். பிறகு கையைப் பக்கத்திலிருந்து விரலை அசைத்தபடி கொண்டுவருவேன். தெரிந்ததும் சொல்ல வேண்டும். மூக்கும் புருவ எலும்பும் பார்வையை மறைக்கும் என்று பாடத்தில் இருந்ததால் எல்லோருடைய மூக்கையும் ஸ்கேல் வைத்து அளந்தேன். செல்வி அத்தை, மாமாவின் மனைவி, மூக்குத்திக்கு அளவெடுக்கிறேன் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தாள்.

மாமாவின் முறை வந்தது. என் கை அவருடைய தோள் பக்கம் வரும்போதே "தெரியுது" என்றார். இன்னும் பின்னால் கொண்டுபோனேன். "தெரியுது." காதுக்குப் பின்னால் கொண்டுபோய் விரலை ஆட்டினேன். "தெரியுது பாப்பா, நல்லா தெரியுது" என்றார். காதுக்குப் பின்னால் பார்க்கிற மனிதர் உலகத்தில் உண்டா என்று ஒரு நிமிஷமாவது யோசித்திருக்கலாம். நான் யோசிக்கவில்லை. அப்படியே எழுதிக்கொண்டேன்.

நெல்லிக்குப்பத்தில் கதை தலைகீழ். தெருமுனையில் வரிசையில் நின்றபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவர், நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் வரிசையில் உள்ளங்கை அளவு இருந்த எழுத்தே தெரியவில்லை என்றார். அவருக்குப் பின்னால் வந்தவருக்கு அட்டையே தெரியவில்லை. இன்னொருவருக்குச் சுவர் தெரியவில்லை. அவர் பண்ருட்டியிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார். தெரியவில்லை என்று சொல்கிறவர்களுக்கு இலவசக் கண்ணாடி தரப்போவதாக அந்தத் தெருவில் காலையிலேயே செய்தி பரவியிருந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு நான், கரும்பாலை ஊரில் கரும்பை வெட்டி வெட்டிக் கிட்டப் பார்த்தே பழகிய கண்கள் என்று உருக்கமாக ஒரு பத்தி எழுதினேன்.

பரிசோதகர் வரும் நாளில் மாமாவையே கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன். யாரும் கேட்கவில்லை. உயிருள்ள ஆதாரம் கையில் இருக்கும்போது வெறும் காகிதத்தோடு ஏன் போக வேண்டும்? மாமா இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். செல்வி அத்தை வஞ்சிரக் கருவாடு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினாள், பரீட்சை வைக்கிற அம்மாவுக்கு.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மாமா பக்கத்தில் வைத்திருந்த பூக்கூடையில் காலை விட்டார். பூக்காரம்மா திட்டினார். நாலடி தள்ளி ஒரு கம்பத்தில் தோளை இடித்துக்கொண்டார். தூரத்துப் பார்வைக்குப் பழகியவர்களுக்குக் கிட்டத்தில் இருப்பது கவனத்தில் படாது என்று எனக்குள் விளக்கம் சொல்லிக்கொண்டேன். மாமா என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பாசம் என்று நினைத்தேன்.

பரிசோதகர் அம்மா அதிகம் பேசாதவர். ஏ.சி. அறையில் கருவாட்டு வாசனை நிறைந்திருக்க, என் ப்ராஜெக்டை ஒரு பக்கம் விடாமல் படித்தார். காதுக்குப் பின்னால் பார்த்தவர் யார் என்று கேட்டார். வெளியில்தான் உட்கார்ந்திருக்கிறார் மேடம் என்று சொல்லி, கதவைத் திறந்து மாமாவை அழைத்துவந்தேன்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். இடது கண்ணைப் பொத்தினார். பரிசோதகர் அட்டையை மாட்டிவிட்டுத் திரும்புவதற்குள் கணீரென்று ஆரம்பித்துவிட்டார்.

"வலது, மேல, மேல, இடது, கீழ, வலது..."

மாட்டியிருந்தது எண்கள் அச்சடித்த அட்டை. இரண்டு, ஏழு, ஒன்பது என்று இருந்தது. மாமா அதன் பக்கம் பார்க்கவே இல்லை. கடைசி வரிசைவரை சொல்லி முடித்து, சரியா என்பதுபோல் என்னைப் பார்த்துச் சிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் பேராசிரியை ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

பரிசோதகர் சிரிக்கவில்லை. பக்கப் பார்வையை எப்படிச் சோதித்தாய், செய்து காட்டு என்றார். மாமாவுக்கு எதிரே உட்கார்ந்து கையைக் காதுப் பக்கம் கொண்டுபோனேன். "தெரியுது" என்றார் மாமா. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"வளையலைக் கழட்டிட்டுப் பண்ணும்மா" என்றார் பரிசோதகர்.

வலது கையில் ஆறு கண்ணாடி வளையல்கள் போட்டிருந்தேன். கழற்றி மேஜைமேல் வைத்தேன். மறுபடியும் கையைக் கொண்டுபோனேன். மாமா பேசவில்லை. காதைத் தாண்டி முன்னால் கொண்டுவந்தேன். பேசவில்லை. கன்னத்துக்கு நேரே விரலை ஆட்டினேன். என் மூக்கையே பார்த்துக்கொண்டு, முகத்தில் அதே சிரிப்போடு, சத்தம் வருவதற்காகக் காத்திருந்தார். கை கிட்டத்தட்ட என் மூக்குக்கே வந்தபிறகுதான் "இப்ப தெரியுது" என்றார். அடுத்த கண்ணிலும் அதேதான். ப்ராஜெக்ட், சர்டிபிகேட், கண்ணாடிக் கடை எல்லாம் எனக்கு அப்போதே மறந்துபோயின.

கண்ணில் அழுத்தம் ஏறி, நரம்பு கெட்டு, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிற நோய். நேர்ப் பார்வை கடைசிவரை நன்றாகவே இருக்கும். அதனால் புள்ளியாக வரும் படகு தெரியும், பக்கத்தில் இருக்கும் பூக்கூடை தெரியாது. இதைப் பரீட்சையில் நான் ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதி நல்ல மார்க் வாங்கியிருந்தேன். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் காட்டினோம். போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம் என்றார்கள்.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தபோது, ஏன் மாமா அட்டையை மனப்பாடம் செய்தீர்கள் என்று கேட்டேன். தெருவே செய்ததாம். நாம் தப்பாகச் சொன்னால் பாப்பா ஃபெயிலாகிவிடும் என்று செல்வி அத்தை எல்லோரையும் அட்டை முன்னால் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அப்படியானால் பக்கத்தில் தெரியவில்லை என்பதையாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"ரெண்டு வருசமாவே பக்கத்துல இருட்டிக்கிட்டுதான் வருது பாப்பா. சொன்னா சுக்கானப் புடிக்க வுட மாட்டாங்க. வளையல் சத்தத்த வச்சுதான் சொன்னேன். ஆனா நீ டாக்டருக்குப் படிச்ச புள்ள. நல்லாருக்குன்னு எழுதிக்கினே. சரி, நமக்கு ஒண்ணுமில்லன்னு இருந்துட்டேன்."

அதைக் கேட்டதும் அழுகை வந்துவிட்டது. அவர் ஏமாற்றியதற்காக இல்லை. அவரே நம்பாத பொய்யை நான் நம்பி, எழுதி, அவரையும் நம்பவைத்துவிட்டேன். மாமா மேல்துண்டால் என் கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தார்.

அவர் படகை விட்டுவிட்டார். இப்போது துறைமுகத்தில் ஏலம் கூறுகிறார். அதற்குக் குரல் போதும். அந்தத் தடவை தேறாத நான், ஆறு மாதம் கழித்து, நான்கு விதமான அட்டைகளோடும் வளையல் இல்லாத வெறுங்கையோடும் அதே இரண்டு தெருக்களுக்குப் போனேன். இரண்டு இனங்களும் காணாமல் போயிருந்தன. இங்கேயும் அங்கேயும் வயதானவர்களுக்கு வயதான கண், கண்ணாடி வேண்டியவர்களிடம் கண்ணாடி இல்லை. முடிவுரையைக் கடைசியில் எழுதினேன். தேறினேன். (பரிசோதகர் அம்மா கருவாட்டைத் திருப்பித் தரவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.)

இன்றுவரை எங்கள் வீட்டில் யாராவது ஒன்றை அடித்துச் சொன்னால், "காதுக்குப் பின்னாலயும் தெரியுதா?" என்று உடனே ஒரு குரல் வரும். என் கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை ரொம்ப நல்ல பையன் என்று அம்மா சொன்னபோதும் வந்தது. என் மகள் மார்க் ஷீட்டைக் காட்டுமுன் நிச்சயம் பாஸ் என்று சொன்னபோதும் வந்தது. செல்வி அத்தைக்கு இன்னும் அந்த அட்டை வரிசை தவறாமல் மனப்பாடம். விசேஷ வீடுகளில் கேட்டால் சொல்லிக் காட்டுவாள்.

கடையில் நான் வளையல் போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா வீட்டுக்குப் போகும்போது மட்டும், வாசலில் செருப்பைக் கழற்றுமுன் கைப்பையிலிருந்து ஆறு வளையல்களை எடுத்து மாட்டிக்கொள்கிறேன். மாமா டி.வி.க்கு நேராக உட்கார்ந்திருப்பார். நான் பக்கவாட்டில் போய் நிற்பேன். கையை ஓர் ஆட்டு ஆட்டுவேன். திரும்பாமலே, "தெரியுது பாப்பா, உள்ள வா" என்பார்.