அணையாத கம்ப்யூட்டரும் ஒரு முறம் மொச்சையும்

இன்று சாயங்காலம் கம்ப்யூட்டரை ஒரே நிமிஷத்தில் அணைத்துக் காட்டுவது, இல்லாவிட்டால் கடையையே இழுத்து மூடுவது என்று வேதகிரி சபதம் எடுத்தார். மனசுக்குள்தான் எடுத்தார். வாய்விட்டு எடுத்தால் உள்ளே இருக்கிற மனைவி அம்முலுவுக்குக் கேட்டுவிடும்.

சாலவாக்கத்தில் வீட்டு முன்னறையைக் கடையாக்கி, ஜெராக்ஸ், பட்டா, சிட்டா என்று காலம் தள்ளுகிற மனிதர் அவர். கம்ப்யூட்டர் பகலெல்லாம் ஒழுங்காக ஓடும். ஆறு மணிக்கு அணையச் சொன்னால்தான் வம்பு. கல்யாணத்துக்கு வந்த தூரத்துச் சொந்தம் 'கிளம்புறேன்' என்று சொல்லிக்கொண்டே அடுத்த பந்தியிலும் உட்காருமே, அந்தக் கதைதான். திரையில் ஒரு வட்டம் சுற்றும், சுற்றும், முழுசாக அரை மணி சுற்றும்.

பாதியில் ஒயரைப் பிடுங்கவும் முடியாது. ஒரு தடவை பிடுங்கி உள்ளே இருந்ததெல்லாம் போய், அம்முலு நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் பேசினாள். அதற்கு அந்த நாலு நாளே தேவலை. அப்படியே விட்டுப் போகவும் முடியாது. ஐப்பசி இடியில் மோடம் கருகியதிலிருந்து, மெயின் சுவிட்சை அணைக்காமல் கடையை விட்டு இறங்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

வட்டம் சுற்ற ஆரம்பித்ததும் அம்முலு முறத்தோடு வருவாள். ஓரம் பிய்ந்து, பச்சை ஒயரால் கட்டிய முறம்.

"சும்மாதானே குந்திகினு கீற. இத்த உரி."

ஒரு நாள் வெங்காயம், ஒரு நாள் பூண்டு, ஒரு நாள் முருங்கைக்கீரை. மார்கழி பிறந்ததிலிருந்து மொச்சை. இரண்டு மாதத்தில் அவர் உரித்த வெங்காயத்தை வைத்து உத்திரமேரூர் முழுக்கச் சாம்பார் ஊற்றலாம்.

வைத்தியம் பார்க்காமல் இல்லை. ஆயுத பூஜைச் சந்தனம்தான் காற்று போகிற ஓட்டையை அடைத்துவிட்டது என்று துடைத்தார். சாமிக்கு வைத்த பொட்டை அழித்ததற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டார். சைக்கிள் பம்ப்பால் உள்ளே காற்றடித்தார். கிளம்பிய தூசியில் ஜெராக்ஸுக்கு வந்த தாயாரம்மாள் தும்மிக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்தாள். ஒரு நாள் மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"அணைஞ்சிடுச்சி அம்முலு."

"அப்ப கீய பொட்டியில பச்ச லைட்டு இன்னாத்துக்கு எரியுது?"

"அது சூட்டுல எரியுது."

"சூடு ஆறட்டும். அது வரிக்கும் இத்த உரி."

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். இன்றைக்கு முடியாது. பீட்டர் டீக்கடையில் பொங்கல் கேரம் போட்டியின் இறுதி ஆட்டம் ஆறேகாலுக்கு. வேதகிரியும் பீட்டரும் ஒரு ஜோடி. பத்து வருஷத்தில் முதல் தடவையாக இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள். ஒரு நிமிஷம் பிந்தினாலும் கோப்பை எதிர் ஜோடி டேனியலுக்கு. அவன் அதை வைக்க அலமாரியில் இடம்கூட ஒதுக்கிவிட்டானாம்.

அதனால்தான் ஐந்து மணிக்கே உத்திரமேரூரிலிருந்து மெக்கானிக் சுகுமாரை வரவழைத்தார். சுகுமார் கால் மணி நேரம் தட்டிப் பார்த்தான்.

"மிஷின்ல ஒரு கோளாறும் இல்லண்ணா."

"அப்ப இன்னாத்துக்கு அர மணி நேரம் பேஜார் பண்ணுது?"

"அணையறதுக்கு முன்னாடி உள்ள சேந்த குப்பையெல்லாம் சுத்தமா தொடச்சிட்டுத்தான் அணையணும்னு ஒரு செட்டிங் கீது. அத்த யாரோ ஆன் பண்ணி வச்சிகீறாங்க. தானா ஆவாது."

"யாரு?"

சுகுமார் கீபோர்டைப் பார்த்துக்கொண்டு பேசினான். "மகளிர் குழுவுக்கு நான் கம்ப்யூட்டர் கிளாஸ் எடுத்தேன் இல்ல? சீக்கிரம் அணைய இன்னா பண்ணணும்னு எல்லாரும் கேட்டாங்க. லேட்டா அணைய இன்னா பண்ணணும்னு ஒருத்தவங்கதான் கேட்டாங்க."

"யாருடா?"

"அந்த கிளாஸ்ல அக்காதாண்ணா ஃபர்ஸ்ட்டு."

வேதகிரிக்கு ரத்தம் கொதித்தது. கொதித்த ரத்தத்தில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது என்பதை அவர் யாரிடமும் சொல்லமாட்டார். போய்க் கேட்டுவிடலாமா என்று எழுந்தார். கேட்டால் பதில் வரும். பதில் ஏழு மணிக்குமுன் முடியாது. உட்கார்ந்துவிட்டார்.

அப்போது வாசலில் அம்முலுவின் ஸ்கூட்டி கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. பால் சொசைட்டிக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டார். "சீக்கிரம் மாத்துடா, அவ வர்றதுக்குள்ள" என்று சுகுமாரை விரட்டினார்.

ஆறு மணி. அணைத்தார். எட்டே செகண்டில் கம்ப்யூட்டர் கண்ணை மூடியது. வேதகிரிக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அம்முலு வந்து நின்றாள். கையில் முறம் இல்லை.

"அணைஞ்சிடுச்சா?"

"எட்டு செகண்டு."

"நல்லதாப் போச்சி. போய் ஆடு. ஜெயிச்சிகினு வா."

இருபது வருஷத்தில் இப்படி ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததில்லை. பாவம், இவளைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று அவருக்கு உறுத்தியது. உறுத்தலோடு மெயினை அணைத்தார், உறுத்தலோடு செருப்பை மாட்டினார், தெருமுனை தாண்டியதும் அதை மறந்து ஓடினார்.

ஆறு பத்துக்கு டீக்கடை. போர்டைச் சுற்றி ஊரே நின்றது. டேனியல் பவுடர் தூவிக்கொண்டிருந்தான். வேதகிரி ராஜா மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டினார். காலில் என்னவோ தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தார்.

ஓரத்தில் பச்சை ஒயர் கட்டிய முறம். முறம் நிறைய மொச்சை.

"இது எப்படிடா இங்க வந்துது?"

பீட்டர் ஸ்ட்ரைக்கரைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அக்கா அஞ்சரைக்கே ஸ்கூட்டில கொணாந்து வச்சிட்டுப் போனாங்கண்ணா. நாலு பேரு ஆடற ஆட்டமாம், உன் சான்ஸ் வர்ற வரிக்கும் நீ சும்மாதானே குந்திகினு இருப்பியாம்."