நாலாம்நாள் மெக்கானிக்

ஆண்டவரிடமே டைம்டேபிள் கேட்ட மனுஷர் உலகத்தில் ஒருவர்தான். அவர் எங்கள் ஒதியம்பட்டில் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தார். பைபிளில் முதல் நாளே வெளிச்சம் வந்துவிடுகிறது, சூரியனோ நாலாம் நாள்தான் வருகிறது. அப்படியானால் நடுவில் எரிந்தது எது? டீக்கடையில், பஸ்ஸில், கல்யாணப் பந்தியில் பாயசம் வருவதற்குள் இதைக் கேட்டுவிடுவார். நாலாம்நாள் என்றே பேர் நிலைத்துவிட்டது. சொந்தப் பேர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிற நான், என் பழைய டிவியை அவரிடம் தூக்கிக்கொண்டு போனது என் கெட்ட நேரம். விபூதி பூசுகிற எனக்கு அவர் வேதத்தில் என்ன வேலை? வாய் சும்மா இருந்தால்தானே! சூரியன், நட்சத்திரங்களுக்கெல்லாம் ரொம்ப முன்பே பிரபஞ்சத்தில் வெளிச்சம் இருந்தது, முதலில் மூட்டத்துக்குள் மாட்டிக்கொண்டு தவித்தது, மூட்டம் கலைந்த பிறகுதான் கிளம்பியது, சானல் வராத டிவியில் ஓடுகிற புள்ளிகளில்கூட அதன் மிச்சம் துளி இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன். வேதம் வேறு, விஞ்ஞானம் வேறு என்றும் சொன்னேன். அது மட்டும் அவர் காதில் ஏறவில்லை.

அதற்கப்புறம் யார் டிவி கொண்டுவந்தாலும், முதலில் ஸ்டூல் போட்டு, புள்ளி ஓடும் திரையின் முன் உட்காரவைத்து, முதல் நாள் வெளிச்சத்தைத் தரிசிக்கச் சொல்லுவார். கரும்பு போடுகிற வீட்டு அம்மா ஒருத்தர், தனக்கு எந்த நாளும் வேண்டாம், ஏழரை மணி சீரியல் தெரிந்தால் போதும் என்று டிவியோடு ஆட்டோ ஏறிவிட்டார்.

வினை உபதேசியார் வடிவில் வந்தது. சர்ச்சில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர். கிரிக்கெட் ஃபைனலன்று அவரைப் பிடித்து அரை மணி நேரம் புள்ளி பார்க்கவைத்தால் சும்மா விடுவாரா? நேரே பங்குச் சாமியாரிடம் போய் வத்திவைத்துவிட்டார்.

ஈஸ்டர் ராத்திரிப் பூசையில் விளக்குகளை அணைத்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் உலகப் படைப்பு வாசகத்தை வருஷா வருஷம் வாசிப்பது நாலாம்நாள்தான். பெண்டாட்டி பிள்ளை இல்லாத மனுஷருக்கு இருந்த ஒரே பெருமை அது. எழுதியிருப்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினாலும் அடுத்த வருஷம் வேறு ஆள் என்று சாமியார் சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்கு ஓடிவந்தார். "என் வாயி அடங்காது சார். நீங்க வந்து மொத வரிசைல குந்துங்க. நான் வெளக்கம் குடுக்க ஆரம்பிச்சா மொறைங்க."

பற்றவைத்தவன் நான். போகாமல் இருக்க முடியுமா?

வாசகம் தொடங்கியது. வெளிச்சம் உண்டாகக் கடவுள் சொன்ன இடம் வந்தது. நின்றுவிட்டார். உபதேசியார் பாதி எழுந்துவிட்டார். முறைத்தேன், பலனில்லை. மனுஷர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். நான் பத்துவரை எண்ணியிருப்பேன். பிறகு கண்ணைத் திறந்து, மிச்சத்தை ஒரு சொல் கூடாமல் குறையாமல் வாசித்து முடித்தார்.

பூசை முடிந்ததும் வெளியே பிடித்துக்கொண்டேன். "ஏன் மெக்கானிக் நடுவுல நின்னீங்க?"

"மூட்டம் கலைய நேரம் வுடணும்ல சார்? நீங்கதான சொன்னீங்க. ஒரு வார்த்தை எக்ஸ்ட்ரா பேசினேனா?"

பேசவில்லைதான். பக்கத்தில் நின்ற சாமியாரே சிரித்துவிட்டார். மெக்கானிக் சாகும்வரை அந்த வாசகம் அவருக்கே இருந்தது.

இப்போது வேறு யாரோ வாசிக்கிறார்கள். ஈஸ்டர்தோறும் போய் உட்காருகிறேன். அந்த வரியில் யாரும் நிற்பதில்லை, கடகடவென்று நாலாம் நாளுக்குப் போய்விடுகிறார்கள். எனக்குத்தான் அவரை விட்டுவிட்டு மேலே போக மனசு வருவதில்லை.