மூன்றாவது கதிரையும் என் முழங்கையும்

உக்குவளை,
ஞாயிற்றுக்கிழமை, மழை விட்ட நேரம்.

கொழும்பு மாநகரில் பத்திரிகைக் காரியாலயத்தில் அமர்ந்து பிறர் எழுதும் பிழைகளைத் திருத்தும் உயர்ந்த உத்தியோகம் வகிக்கும் என் தங்கை மகன், மருமகன் திருவாளர் பிரதீபன் அவர்களுக்கு, தேயிலைப் பெக்டரியின் முன்னாள் பாதுகாப்பு அதிகாரியும் (கேட் வாச்சர் என்று சிலர் சொல்வார்கள், அது பொறாமை) உங்கள் தாய்மாமனுமாகிய வீரபத்திரன் சொந்தப் பேனையால் எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தை மங்களேஸ்வரியும் சுகம். அத்தையின் முழங்கால் மட்டும் சுகமில்லை. உங்கள் சுகத்தை உங்கள் பேப்பரில் போடமாட்டார்கள் என்பதால் தனியாக அறியத் தரவும்.

விசயம் என்னவென்றால், போன மாசம் உங்கள் பேப்பரில் ஒன்பதாம் பக்கத்தில், மாட்டுத் தீவன விளம்பரத்துக்கு மேலே ஒரு படம் வந்திருந்தது. ‘மரணாதார சங்கத் தலைவர் தேர்தல்: இரு வேட்பாளர்கள் நேருக்கு நேர் விவாதம்’ என்று தலைப்பு. இடது பக்கம் ஹாட்வெயார் கடை ராசையா. வலது பக்கம் ரிட்டயராகிப்போன நிரஞ்சனி டீச்சர். டீச்சருக்கும் அந்தப் பக்கம், படம் முடிகிற ஓரத்தில், மேலே தூக்கினபடி ஒரு முழங்கை தெரியுதே, பார்த்தீர்களா? ஆவேசமான முழங்கை. அது என்னுடையது. மருமகன், வேட்பாளர்கள் இரண்டு பேர் இல்லை, மூன்று பேர். சொந்த மருமகன் வேலை செய்கிற பேப்பரே தாய்மாமனை முழங்கையோட முடிச்சிட்டுது. இதைத்தான் ஊடகப் பக்கச்சார்பு என்று படித்தவர்கள் சொல்றாங்க. இதுக்கு மேல நீங்க நீங்கன்னு எழுத எனக்குக் கை வரமாட்டேங்குது. கோவத்துல நீன்னே எழுதுறேன், மன்னிச்சுக்க.

நீ ஊரை விட்டுப் போயி பதினொரு வருசம், அதனால ஆரம்பத்துலேர்ந்து சொல்றேன். நம்ம சங்கத்துல எண்பத்தேழு குடும்பம். யாரு வீட்டுல சாவு விழுந்தாலும் சங்கத்துப் பந்தல், பெரிய சட்டி, நூத்தி இருபது நீலக் கதிரை எல்லாம் ராசையாவோட லொறியில வந்து எறங்கும். ஆனா மேல் லயத்துக்கு மட்டும் எறங்காது. அங்க மலை மேல ஒரே வரிசையா ஏழு வீடு. அறுபத்தி மூணு படி. போன மாசியில அழகையா அண்ணன் பொண்சாதி தவறிப்போனப்ப நல்ல மழை. சங்கத்துத் தலைவர் ராசையா கதிரையை றோட்டுல எறக்கி வச்சிட்டு, “லொறி இதுக்கு மேல ஏறாது, வர்றவங்க இங்கயே ஒக்காந்துக்கட்டும்”ன்னுட்டுப் போயிட்டாரு. சாவு மேல, கதிரை கீழ. அழகையா அண்ணன் கவுத்துப் போட்ட வாளியில ஒக்காந்திருந்தாரு. வந்த சனம் நின்னுக்கிட்டே அழுதுச்சு. நின்னுக்கிட்டு எவ்வளவு நேரம் அழ முடியும், சொல்லு? அரை மணித்தியாலத்துல எல்லாரும் எறங்கிட்டாங்க. அந்த மனுசன் தனியா ஒக்காந்திருந்ததப் பாத்துத்தான் நான் தேர்தல்ல நிக்கிறதுன்னு முடிவெடுத்தேன். அத்தை சொல்றா, நீங்க ராசையா கடையில சண்டை போட்டதாலதான் நின்னீங்கன்னு. அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

டீச்சரும் தேர்தல் கேக்குறாங்கன்னு தெரிஞ்சதும் ஊரே ரெண்டா பிரிஞ்சிட்டுது. ஜனாதிபதித் தேர்தல் நேரம் டீவியில பாத்திருப்ப, ஓட்டுச் சீட்டு என் வேட்டி நீளத்துக்கு இருக்கும், முப்பது நாப்பது பேர் கேப்பாங்க, டீவிக்காரன் திருப்பித் திருப்பி ரெண்டு மூணு மூஞ்சியைத்தான் காட்டுவான். அதே கூத்துதான் இங்கயும். மண்டபத்துல விவாதம் வெக்கிறாங்க, நடத்துறது மைக் செட் லாபிர் நாநா. அவரு சங்கத்துல இல்ல, அவங்களுக்குப் பள்ளிவாசல் இருக்கு, அதனால நடுநிலை. நான் வேட்டியைக் கட்டிக்கிட்டுப் போனா நாநா வாசல்லயே நிக்கிறாரு.

“வீரபத்திரன், கோவிச்சிக்க வாணாம். மேடயில ரெண்டு கதிரதான் ஈக்கி.”

“நூத்தி இருபது கதிரை வச்சிருக்கிற சங்கத்துல எனக்கு ஒரு கதிரை இல்லையா நாநா?”

“அது மவுத்துக்கு, சாவு ஊட்டுக்கு உள்ள கதிர. பேச்சுக்கு எடுக்க ஏலா, ஒங்கட சட்டந்தான். இந்த ரெண்டும் என்ட கடயில ஈந்து கொண்டு வந்த.”

சட்டமா? நான் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன். ஒண்ணும் பேசாம வீட்டுக்குப் போயி, நம்ம மரக் கதிரையைத் தலையில தூக்கிட்டு அரை மைல் நடந்து வந்தேன். பஸ்ஸை நிப்பாட்டி சனம் பாத்துச்சு. (பஸ் ஹோல்ட்டுல நின்ன பஸ்தான், ஆனாலும் பாத்துச்சு.) அந்தக் கதிரைக்கு ஒரு கால் கட்டைன்னு உனக்குத் தெரியும். அத்தை வாசல்லேர்ந்து, “அதுக்கு ஒரு கட்டை வச்சு அடிங்கன்னு எட்டு வருசமா சொல்றேன், அதைச் செய்யாத மனுசன் ஊருக்கு என்னத்தச் செய்யப் போறாரு?”ன்னு எதிர்க்கட்சி மாதிரி சத்தம் போட்டா. நான் திரும்பிப் பாக்கல.

மேடைன்னா நாலு மேசையைச் சேத்துப் போட்டது. மூணாவது கதிரைக்கு ஓரத்துலதான் எடம். ஒக்காந்தேன். மண்டபத்துல ஆயிரம் பேர். எண்பது பேர்தான் கொள்ளும், மத்தவங்க மனசால வந்திருந்தாங்க. மேல் லயத்து ஆளுங்க உள்ள எடமில்லாம ஜன்னலுக்கு வெளிய நின்னாங்க. ராசையாவுக்குப் பத்து நிமிசம். பத்து வருசத் தலைவர், புதுச் சட்டி வாங்கின கதையையே பத்து நிமிசமும் சொன்னாரு. டீச்சருக்குப் பத்து நிமிசம். ஒழுங்கு, நேரம் தவறாமைன்னு பேசினாங்க, பாதிச் சனம் பழைய ஞாபகத்துல கையைக் கட்டிக்கிச்சு. எனக்கு எவ்வளவு தெரியுமா? ஒரு நிமிசம்! நாநா சைக்கிள் பெல்லைக் கையில வச்சிக்கிட்டு, “டக்குனு கேளுங்க”ன்னாரு. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். “மேல் லயத்துக்குக் கதிரை ஏறுமா, ஏறாதா?”

“லொறி ஏறாது”ன்னாரு ராசையா. “அறுபத்தி மூணு படி. நான் என்ன, லொறிக்குக் கால் வெக்கவா?” மண்டபமே சிரிச்சிச்சு.

நான் எழும்பி நின்னு, “அந்தப் படியில சாவு மட்டும் ஏறிப் போகுதே, அதுக்கு யாரு றோட்டுப் போட்டுக் குடுத்தது?”ன்னு கேட்டேன்.

மருமகன், நாநா பெல் அடிக்க மறந்துட்டாரு. பிறகு ஜன்னல் பக்கத்துலேர்ந்து கைதட்டு வந்திச்சு பாரு, தகரக் கூரை ஆடிப் போச்சு. அந்தக் கைதட்டுக்கு நடுவுல நான் கம்பீரமா ஒக்காந்து சாஞ்சேன். அதுக்கப்புறம் மேடையிலேர்ந்து நானாகவே, கொஞ்சம் சீக்கிரமா, கீழே எறங்கிட்டேன். சரியா அந்த நேரம் பாத்துத்தான் படம் எடுத்திருக்கான்.

யாரு? போன் ரிப்பேர் கடை ரமேஸ். ‘உக்குவளை மின்னல்’னு ஒரு பேஸ்புக் பக்கம் நடத்துறான், பக்கத்து மேல ராசையா கடைப் பெயின்ட் விளம்பரம், நீயே யோசிச்சுக்க. அவன் போட்டதப் பாத்துத்தான் உங்க பேப்பரும் போட்டிருக்கு. நாப்பது நிமிச வீடியோவுல நான் வர்றது முழங்கை மட்டும். போயிக் கேட்டேன். “மாமா, போனை சொவத்துல ஒட்டி வச்சேன், நீங்க படத்துக்குள்ள இல்ல, நான் என்ன செய்ய?”ன்னான். “போனை நகத்தியிருக்கலாமே”ன்னேன். “கதிரையை நீங்க நகத்தியிருக்கலாமே”ங்கிறான். பிறகு அந்தப் பேஸ்புக்குல கருத்துக் கணிப்பு வெச்சான். ராசையாவுக்கு ஹார்ட், டீச்சருக்கு லைக். எனக்கு ஒண்ணும் இல்ல. நான் கடையை விட்டு எறங்க மாட்டேன்னு ஒக்காந்துட்டேன். கடைசியில, “சரி மாமா, சிரிக்கிற மூஞ்சி உங்களுக்கு”ன்னு போட்டான். பின்னேரத்துக்குள்ள எனக்கு இருநூத்திப் பதினாலு சிரிக்கிற மூஞ்சி! மத்த ரெண்டு பேருக்கும் சேத்துக்கூட நூறு வரல. இதையும் உங்க பேப்பர் மறைச்சிட்டுது.

ஆனா என் மூளை அங்க நிக்கல. பொதுக் கூட்டத்துல எழும்பி, “ஜனாதிபதிக்கு ஒரு சட்டம், நமக்கு ஒரு சட்டமா? ஒண்ணு, ரெண்டுன்னு விருப்பு வாக்குப் போடுறது நமக்கும் வேணும்”ன்னேன். டீச்சர் சரின்னாங்க, ராசையா விளங்காமலே சரின்னாரு. அதாவது ஒருத்தருக்கும் பாதிக்கு மேல விழல்லன்னா, மூணாவது ஆளைத் தூக்கிட்டு, அவன் சீட்டுல ரெண்டுன்னு யாருக்குப் போட்டிருக்கோ அவங்களுக்குச் சேத்து எண்ணணும். அப்ப மூணாவது ஆளுக்கு எவ்வளவு பவர், பாத்தியா? ராசையாகிட்டப் போனேன். “கதிரை மேல ஏறும்னு எழுதிக் குடுங்க, என் ஆளுங்க ரெண்டாவதா உங்களுக்குப் போடுவாங்க”ன்னேன். “ஒன் ஆளுங்களா? ஒன் பொண்சாதியே ஒனக்குப் போடமாட்டாளே”ன்னு சிரிச்சாரு. (குடும்பத்துக்கு ஒரு ஓட்டுத்தான், அதை நான்தான் போட்டேன்.) டீச்சர்கிட்டப் போனேன். அவங்க கண்ணாடியைப் போட்டு, கதிரை மேல ஏறும்னு நான் எழுதிக் கொண்டுபோன கடிதத்துல இருந்த பதினாலு பிழையைச் சிவப்புப் பேனையால திருத்திட்டுக் கையெழுத்துப் போட்டாங்க. அதை நான் மேல் லயத்துல வீடு வீடாக் காட்டி, ஒண்ணு எனக்கு, ரெண்டு டீச்சருக்குன்னு ஒரு கிழமை பாடம் நடத்தினேன்.

தேர்தல் அன்னைக்கு நாநாதான் எண்ணினாரு. ராசையா நாப்பது. டீச்சர் முப்பத்தொன்பது. வீரபத்திரன் ஏழு. ஒரு சீட்டு நிராகரிப்பு. எவனோ படிப்பு வாசனை இல்லாதவன் கன்னாபின்னான்னு கிறுக்கி வச்சிருப்பான், நான் ஒரு கிழமை சொல்லிக் குடுத்தும் விளங்காத ஜென்மம். ஆக யாருக்கும் பாதிக்கு மேல இல்ல! என் ஏழு சீட்டையும் விரிச்சாங்க. ஏழுலயும் ரெண்டு டீச்சருக்கு. டீச்சர் நாப்பத்தாறு. ஏழு ஓட்டை வச்சு எண்பத்தேழு குடும்பத்துக்குத் தலைவரை ஆக்கினவன் இந்த மாவட்டத்துலயே உன் மாமன் ஒருத்தன்தான், எழுதி வச்சுக்க. ஒரேயொரு நெருடல். மேல் லயத்துல ஏழு வீடு, நான் ஒண்ணு, எட்டு வந்திருக்கணும். ஏழுதான் வந்திச்சு. யாரோ ஒரு துரோகி ராசையாவுக்குப் போட்டிருக்கான். எனக்கு அழகையா அண்ணன் மேலதான் சந்தேகம். தேர்தலுக்கு முதல் நாள் ராசையா கடையில டீ குடிச்சாராம். யாருக்காக நின்னேனோ அவரே இப்படி. போகட்டும், பெரிய மனசு பண்ணி விட்டுட்டேன்.

போன சனிக்கிழமைதான் வெற்றி விழா. அறுபது கதிரை மேல் லயத்துலயே நிரந்தரமா இருக்கணும்னு டீச்சர் உத்தரவு. ஆளுக்கு ரெண்டு தலையில வச்சு, அறுபத்தி மூணு படியிலயும் நீலமா வரிசை ஏறுது, கீழேர்ந்து பாத்தா ஆறு தலைகீழா ஓடுற மாதிரி. ராசையாகூட ரெண்டு தூக்கினாரு. (ஒண்ணு.) மேல போயி முதல் கதிரையை அழகையா அண்ணன் வாசல்ல போட்டேன்.

“வீரபத்திரா, இது செத்தாத்தானே வரும்? உசிரோட ஒக்காரலாமா?”ன்னு கேட்டாரு.

“ஒக்காருங்கண்ணே, மூணாவது கட்சியோட ஆட்சி இது”ன்னேன்.

அவரு ஒக்காந்தாரு. பக்கத்துல இன்னொரு கதிரையைக் காட்டி, “அவ இருந்தா இதுல ஒக்காந்திருப்பா”ன்னுட்டு அதைத் தடவிக்கிட்டே இருந்தாரு. நானும் துரோகத்தை மறந்து கொஞ்ச நேரம் நின்னேன்.

ஆகவே மருமகன், வர்ற ஞாயிறு பேப்பரில், மாட்டுத் தீவனத்துக்கு மேலே இல்லை, முதல் பக்கத்தில், ‘தவறுக்கு வருந்துகிறோம், முழங்கை வீரபத்திரனுடையது’ என்று போட்டு, என் முழு உருவப் படத்தோடு முழுச் செய்தியும் வரவேண்டும். படம் இத்துடன் இணைத்துள்ளேன். எனது கலியாணப் படம்தான், அத்தையை வெட்டிவிடலாம். உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசி. பன்னீர்ச் செம்பு தூக்கி உன் கலியாணத்தில் வரவேற்ற அதே கையால் வாழ்த்தும்,

தாய்மாமன்,
பெ. வீரபத்திரன்
(கையொப்பம், இரண்டு கோட்டுடன்)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் லாபிர் நாநா வீட்டுக்கு வந்தாரு. அந்த நிராகரிச்ச சீட்டை மடிச்சுக் கொண்டாந்து காட்டினாரு. ஒண்ணு எனக்கு, ரெண்டு டீச்சருக்கு, எல்லாம் சரி. கீழே ஒரு கையெழுத்து. ரெண்டு கோடு. திகதி. “உக்குவளை”ன்னு ஊர்ப் பேரும். முப்பத்தொரு வருசம் பெக்டரி கேட்டுல என் கையெழுத்து இல்லாம ஒரு சாக்கு வெளிய போனதில்ல மருமகன், பழக்க தோசத்துல கை தானா போட்டுடுச்சு. “பேர் எழுதின சீட்டு செல்லாது, அதுதான் ஒங்கட சட்டம். ஒங்கட மானத்துக்காகத்தான் சபயில வாசிக்கல்ல”ன்னுட்டு டீ குடிச்சிட்டுப் போனாரு. அத்தை இன்னும் சிரிச்சிக்கிட்டிருக்கா. அழகையா அண்ணனைப் பத்தி மேலே எழுதினதை நல்லா அடிச்சிடு. ஏழு வீடும் ஏழு ஓட்டும் சரியாத்தான் போட்டிருக்கு. நான் இப்பவே படியேறிப் போயி அவர் பக்கத்துக் கதிரையில ஒக்காந்துட்டு வர்றேன், ஏன்னு கேட்டா சொல்லமாட்டேன். நீ பேப்பரில ஒண்ணும் போடவேணாம். அந்த முழங்கை யாருதுன்னு யாராவது கேட்டா, தெரியாதுன்னு சொல்லிடு.