மாமி ஏற முடியாத வண்டி

நாடு சுதந்திரம் அடைந்து முப்பத்தொரு வருஷம் ஆகியிருந்தது. நான் அடையவில்லை. அந்த வருஷச் சுதந்திர தினத்தன்று, மலாயில் சொன்னால் மெர்டேக்கா தினத்தன்று, ரேடியோவில் நாட்டுப்பண் முடிந்த கையோடு, இனிமேல் ஞாயிற்றுக்கிழமை எனக்கே சொந்தம் என்று தீர்மானம் போட்டேன். மனசுக்குள்தான் போட்டேன். என் மனைவி தவமணி பக்கத்து அறையில் இருந்தாள்.

விஷயம் இதுதான். எங்களிடம் ஒரு பழைய கார் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் என் மாமியார் அதன் பின் சீட்டில் ஏறிவிடுவார். காலையில் சௌராஸ்தா மார்க்கெட்டில் மீன். அப்புறம் தண்ணீர்மலைக் கோயில். அப்புறம் குளுகோரில் மாமியின் தங்கச்சி வீடு. அங்கே யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்று பேச்சு வந்தால் கடல் பாலத்தைத் தாண்டி அக்கரையில் புக்கிட் மெர்த்தாஜாம். மாமியின் பையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று தவமணி முன் சீட்டில் வருவாள். மாமி ஏறியதும் தூங்கி, இறங்கும்போது விழிப்பார். துறைமுக ஆபீசில் வாரம் முழுக்க நான் சரக்குக் கணக்கு எழுதுகிறவன். ஞாயிற்றுக்கிழமை சரக்கை நானே ஏற்றி இறக்கினேன்.

ஆபீசில் பக்கத்து மேசை இஸ்மாயில். அவன் ஞாயிறு தவறாமல் தெலுக் பஹாங் கடலோரப் பாறையில் உட்கார்ந்து தூண்டில் போடுவான். திங்கட்கிழமை வந்து, பிடித்த மீனின் அளவை இரண்டு கையையும் விரித்துக் காட்டுவான். கை வாராவாரம் அகலமாகும். எனக்கு வயிறு எரியும். ஒரே ஒரு ஞாயிறாவது அந்தப் பாறை மேல் உட்கார்ந்து நானும் கையை விரிக்க வேண்டும். அதற்கு மேல் வாழ்க்கையில் எனக்கு ஆசை கிடையாது.

அந்த நேரம் பார்த்துக் காரின் கியர்பாக்ஸ் உயிரை விட்டது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. ரிப்பேர் வேண்டாம், காரை விற்றுவிட்டு மோட்டார் சைக்கிள் வாங்கலாம் என்றேன். தவமணி சண்டைக்கு வருவாள் என்று ஒரு வாரமாகப் பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் வெங்காயம் நறுக்கியபடி, "சரிங்க, வித்துடுங்க. ஆனா உங்களுக்குப் பொருத்தமான வண்டியா பார்க்கணும். நானும் வரேன்" என்றாள். தயார் செய்த பதிலெல்லாம் வீணாகப் போனது. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

டத்தோ கெராமட் சாலையில் ஆ செங் கடை. பின்பக்கம் அவன் தம்பியின் வெல்டிங் பட்டறை. முதலில் ஒரு கப்சாய் காட்டினான். சின்ன வண்டி, ஆனால் சீட் நீளம். மாமி தாராளமாக ஏறிக்கொள்ளலாம். வேண்டாம் என்றேன். அடுத்தது பந்தய வண்டி மாதிரி ஒன்று. ஏறி உட்கார்ந்தேன். கட்டை விரல் நுனி மட்டும் தரையைத் தேடியது. ஆ செங் பின்னால் நின்று என் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். இறங்கிவிட்டேன்.

மூன்றாவதுதான் நம்ம வண்டி. குரூசர், இருநூற்றைம்பது சிசி. சீட் தாழ்வு. என் இரண்டு பாதமும் சப்பென்று தரையில் பதிந்தன. ஹேண்டில் அகலமாக வளைந்து கைக்கே வந்தது. காலை முன்னால் நீட்டி வைத்தால் சாய்வு நாற்காலி சுகம். எல்லாவற்றையும் விடப் பின் சீட். அது சீட்டே இல்லை, ரொட்டித் துண்டு. தவமணி ஒல்லி, ஒட்டிக்கொள்வாள். மாமியைப் பற்றி மரியாதையோடு சொல்கிறேன், நடக்காது.

தவமணி வண்டியைச் சுற்றி வந்தாள். "மேட்டுல இழுக்குமாங்க?"

"இழுக்குமாவா? ரெண்டு மூட்டை அரிசிய ஏத்திக்கிட்டு ஆயர் ஈத்தாம் மேட்டுல ஏறலாம்."

"ரெண்டு மூட்டைன்னா?"

"நூறு கிலோ லா."

"அப்ப சரி" என்றாள். நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது எனக்கு ஞாபகம் வரவில்லை.

பிறகு அவள் ஆ செங்கோடு அவன் பேசும் ஹொக்கியன் சீனத்தில் பேச ஆரம்பித்தாள். மார்க்கெட் ஓரம் பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு ஹொக்கியன் தண்ணி பட்ட பாடு. நான் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். ஹொக்கியனில் காப்பி கேட்பேன், பால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாததால் பால் காப்பியே குடிக்கிறேன். பேச்சு நீண்டது. ஆ செங் தம்பியைக் கூப்பிட்டான். தம்பி வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு வந்து, டேப் வைத்து வண்டியின் இடது பக்கத்தை அளந்தான். மூன்று பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"என்ன பேச்சு?" என்று கேட்டேன்.

"விலை பேசறேன். சும்மா இருங்க."

"அவன் ஏன் அளக்கறான்?"

"ஓட்டறவருக்கு வண்டி பொருந்தணும்ல."

என் மேல் இவளுக்கு இவ்வளவு அக்கறையா என்று நெஞ்சு இளகிவிட்டது. ஹெல்மெட் எடுக்கும்போது பெரிய சைஸாக ஒன்றை எடுத்துத் தன் தலையில் கவிழ்த்தாள். அது மூக்கு வரைக்கும் இறங்கியது. கொண்டை போட்டால் சரியாகிவிடும் என்றாள். பெண்கள் விஷயம் என்று நான் பணத்தை எண்ணப் போனேன்.

பணத்தைக் கட்டிவிட்டு அப்படியே ஓட்டிப் போகலாம் என்று சாவியைக் கேட்டேன். தவமணி விடவில்லை. பூஜை போடாமல் புது வண்டியை உருட்டக்கூடாதாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் நல்ல நேரம் என்று குருக்கள் சொல்லிவிட்டாராம். அதுவரை வண்டி கடையில் இருக்கட்டும், ஆ செங்கே கோயிலுக்குக் கொண்டு வருவான் என்றாள். சாமி காரியம், மறுத்துப் பேச முடியுமா? வெள்ளிக்கிழமைக்குள் நல்லதாக ஒரு தூண்டில் வாங்கினேன். ஞாயிறு வருகிறேன், எனக்கும் பாறையில் இடம் போடு என்று இஸ்மாயிலிடம் சொல்லி வைத்தேன். அவன் கையைக் குலுக்கினான்.

வெள்ளிக்கிழமை தவமணி பூஜைச் சாமான் வாங்கினாள். தேங்காய், பூமாலை, கற்பூரம், மூன்று எலுமிச்சம்பழம்.

"சக்கரத்துக்கு ஒண்ணு. ரெண்டு போதுமே" என்றேன்.

"இன்னொண்ணும் வேணுங்க" என்றாள்.

வெயிலில் வந்தவனுக்கு ஜூஸ் போட்டுத் தருவாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கோயில் வாசலில் கூட்டம். ஆ செங் வண்டியை நிறுத்திவிட்டுப் பல்லெல்லாம் தெரிய நின்றான். மாலை போட்டிருந்தது. என் குரூசர்தான், சந்தேகமில்லை. ஆனால் அதன் இடது பக்கத்தில் மீ நூடுல்ஸ் கடைக்காரர்கள் சட்டி அடுப்பு ஏற்றிப் போவார்களே, அந்த மாதிரி ஒரு சைட்கார் பற்றவைத்திருந்தது. உள்ளே சிவப்பு ரெக்சின் மெத்தை. மெத்தை மேல் மாமி. மாமி தலையில் அந்த ஹெல்மெட், அளவெடுத்துத் தைத்தது போல.

குருக்கள் குனிந்து முன் சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார். பின் சக்கரத்துக்கு ஒன்று வைத்தார். மூன்றாவதை எடுத்துக்கொண்டு மாமி பக்கம் போனார்.

தவமணியைத் தனியாகக் கூப்பிட்டு, இதெல்லாம் போலீஸ் பிடிக்கும் என்றேன். போக்குவரத்து இலாகா ஜேபிஜேயின் அனுமதி வரைக்கும் ஆ செங்கே எடுத்துவிட்டான் என்றாள். வண்டி இழுக்காது என்றேன்.

"நூறு கிலோ இழுக்கும்னு நீங்கதானே சொன்னீங்க. அம்மா தொண்ணூறுதான்."

"மழை வந்தா?"

"குடை சொருக ஒரு குழாய் வச்சிருக்கான் பாருங்க."

கடைசி ஆயுதமாக, "சரி, நீ எங்கே உட்காருவே?" என்று கேட்டேன்.

அவள் அந்த ரொட்டித் துண்டு சீட்டை ஒரு தடவை பார்த்தாள். "இதுல மனுஷி உட்காருவாளா? பையை எல்லாம் அம்மா மடியிலேயே வச்சுக்குவாங்க. இனிமே ஞாயித்துக்கிழமை நீங்களும் அம்மாவும் போயிட்டு வாங்க. நான் வீட்டுல கொஞ்சம் படுக்கறேன்."

அவளுக்கும் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று உண்டு என்பது அந்த நிமிஷம்தான் எனக்குத் தெரிந்தது. மெர்டேக்கா அன்று பக்கத்து அறையில் அவளும் அதே ரேடியோவைத்தான் கேட்டிருக்கிறாள்.

காரில் தூங்கிய மாமி சைட்காரில் தூங்குவதில்லை. காற்று முகத்தில் அடிக்கிறதாம். என் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சிக்னல் எது, சந்து எது, நான் எதில் பிசகினேன் என்று எல்லாம் சொல்கிறார். முதல் ஞாயிறே சைட்கார் ஓரம் கட்டியிருந்த தூண்டிலைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது என்னது?" என்றார். சொன்னேன். மார்க்கெட்டில் மீன் விலை ஏறிக் கிடக்கிறது, தூண்டில் போடும் இடத்துக்கே போவோம் என்றார்.

ஆக இப்போது ஞாயிறு தவறாமல் தெலுக் பஹாங் போகிறேன். இஸ்மாயில் எனக்கென்று போட்டு வைத்த இடத்தில் மாமி உட்கார்ந்து தூண்டில் போடுகிறார். திங்கட்கிழமை இஸ்மாயில் தான் பிடித்ததற்குக் கையை விரிப்பதே இல்லை, மாமி பிடித்ததற்குத்தான் விரிக்கிறான். வீட்டில் தவமணி நிம்மதியாகத் தூங்குகிறாள்.

நான் புழு கோர்த்துக் கொடுக்கிறேன்.