ஆளுக்கொரு அட்டவணை

ஜெர்மனியில் இரண்டு பேர் ஒரே இணையப் பக்கத்தை ஒரே மாதிரிப் பார்ப்பதைப் பொறுக்க முடியாத ஒரேயொரு மனிதர் எங்கள் அட்டவணை அண்ணைதான். சொந்தப் பெயர் ஏதோ இருந்திருக்கும். சம்பளச் சீட்டு எழுதியவருக்குத் தெரியும்.

ஹம்பேர்க்கில், தமிழ்க் கடைகளுக்கு மொத்தமாகச் சாமான் அனுப்பும் கொம்பனி அது. நான் தொலைபேசிக்குப் பதில் சொல்பவள். அண்ணை இணையத்தளம் பார்ப்பவர். கடைக்காரர்கள் தங்கள் கணக்கில் நுழைந்தால் என்ன இருக்கிறது, என்ன முடிந்தது, எப்போது வரும் என்று ஓர் அட்டவணை தெரியும். மற்றவர்களுக்கு அதோடு வேலை முடிந்துவிடும். அண்ணைக்கு அங்கேதான் தொடங்கும்.

சனிக்கிழமைகளில் ரயிலேறிப் போய் யாராவது ஒருவரின் கடையில் ஒரு கட்டுக் கறிவேப்பிலை வாங்குவார். அந்த உரிமையில் கல்லாவுக்குப் பின்னால் போய் நின்று, கடைக்காரர் திரையை எப்படிப் பார்க்கிறார் என்று பார்ப்பார். திங்கட்கிழமை அந்தக் கடைக்காரரின் அட்டவணை மட்டும் மாறியிருக்கும். பிரேமன் கடைக்காரருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். ஆகவே அவருக்கு மட்டும் நிறத்துக்குப் பதிலாக 'முடிஞ்சுது' என்று எழுத்தில் வரும். கார்ல்ஸ்ரூஹே அக்கா வெள்ளிக்கிழமை விரதம். அன்றைக்கு அவர் உள்ளே நுழைந்தால் கருவாடும் றாலும் தாமாகவே மறைந்துவிடும், சனிக்கிழமை திரும்பி வரும். நான் தேதியைத் தேடி விரலால் திரையைத் தடவுவதைக் கண்டுவிட்டு, கேளாமலே அதை முதல் நிரலுக்குக் கொண்டுவந்தார்.

"ஏன் அண்ணை இந்த வேலை? ஆர் உங்களைக் கேட்டது?"

"கேக்க மாட்டினம் பிள்ளை. கஷ்டப்பட்டே பழகிப்போய் இருப்பினம்."

ஒருமுறை எஸ்-பான் ரயிலில், கைபேசியைக் கண்ணோடு ஒட்டி வைத்திருந்த ஒரு ஜெர்மன் பெண்மணியிடம், எழுத்தைப் பெரிதாக்கித் தரவா என்று கேட்டார். அந்த அம்மா எழும்பி அடுத்த பெட்டிக்கே போய்விட்டார்.

வினை முதலாளி வடிவில் வந்தது. அவர் பிரேமன்காரரோடு தொலைபேசியில் பேசும்போது, "மூண்டாவது நிரலைப் பாருங்கோ, விலை இருக்கு" என்றார். அங்கே மூன்றாவது நிரலில் விலை இல்லை. ஒருவரையொருவர் குருடர் என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டார்கள். விசாரித்ததில், ஆளுக்கொரு அட்டவணை ஓடுவது வெளிச்சத்துக்கு வந்தது.

"உமக்கு விசரே ஐசே? வெள்ளிக்கிழமை விடியிறதுக்கிடையிலை எல்லாருக்கும் ஒண்டு. ஏலாதெண்டால் வேறை வேலை பாரும்!"

அண்ணைக்கு முகம் செத்துப்போனது. மகள் இன்னும் படித்துக்கொண்டிருந்தாள். இந்த வயதில் யாரிடம் வேலை கேட்டுப் போவது?

"எப்பிடியான அட்டவணை, முதலாளி?"

"என்ரை மாதிரி. சாதாரணமாய், ஒழுங்காய்."

"நிச்சயமா உங்கடை மாதிரியே?"

"ஓம் எண்டுறன்!"

அண்ணை சொன்னதைச் செய்தார். அது அப்பாவித்தனமா குறும்பா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை காலை தொலைபேசி அலறியது. முதலில் கார்ல்ஸ்ரூஹே அக்கா. "தங்கச்சி, குளிச்சு, சாமி கும்பிட்டிட்டு வந்து திறக்கிறன், கருவாடு! என்ரை உள்ளங்கை அளவிலை கருவாடு!" அடுத்தது மியூனிக் கடைக்காரர். "மேடம், டெலிவரி டேட்டே காணோம். ஸ்க்ரீன்ல நாலே நாலு ஐட்டம்தான் தெரியுது, சுவர் விளம்பரம் மாதிரி!" பிரேமன்காரர் ஒன்றும் கேட்கவில்லை. இல்லாத சாமானாகப் பார்த்து ஓர்டர் போட்டுக்கொண்டிருந்தார்.

கார்ல்ஸ்ரூஹே அக்கா மறுபடியும் எடுத்தபோது முதலாளி என் கையிலிருந்து தொலைபேசியைப் பறித்தார். "எனக்கு எல்லாம் சரியாத்தானே தெரியுது!"

"அப்ப பிந்தின சாமான் எது எண்டு பாத்துச் சொல்லுங்கோ" என்றார் அக்கா.

"எங்கடை கொம்பனியிலை ஒண்டும் பிந்திறேல்லை!"

அக்கா சிரித்த சிரிப்பு எனக்கே கேட்டது. முதலாளி தொலைபேசியை வைத்துவிட்டு அண்ணையின் மேசைக்குப் போனார். குரல் இறங்கியிருந்தது.

"முந்தியும் எல்லாருக்கும் எழுத்து இவ்வளவு பெரிசில்லையோ?"

"இல்லை முதலாளி. நீங்கள் கண்ணாடி போட மாட்டன் எண்டு நிக்கிறியள். அதாலை உங்களுக்கு மட்டும்."

"பிந்தினது?"

"அதைக் கண்டால் உங்களுக்குப் பிரஷர் ஏறுது. மறைச்சுப்போட்டு, நானே கடைக்காரருக்குச் சொல்லிச் சமாளிக்கிறனான்."

அண்ணை மேசையில் இருந்த தன் தேநீர்க் கோப்பையை எடுத்துப் பைக்குள் வைக்கத் தொடங்கினார்.

"கோப்பையை வையும். எல்லாருக்கும் பழையபடி போடும்" என்றார் முதலாளி. கதவு வரை போனவர் திரும்பினார். "என்ரையிலை கை வையாதையும்."

வேறு வேலை பார்க்கும் பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை. அண்ணை இன்னும் அங்கேதான் இருக்கிறார். நான்தான் வேறு கொம்பனிக்கு மாறிவிட்டேன். இங்கே எல்லாருக்கும் ஒரே அட்டவணை, தேதி கடைசி நிரலில். என் விரல் இன்னமும் முதல் நிரலுக்குத்தான் போகிறது. போகப் போகப் பழகிவிடும் என்கிறார்கள். எனக்குப் பழக விருப்பமில்லை.